தோல் நிலைப் பெயர்களை எனம் மதிப்புகளாக மாற்றுவது எப்படி?

கேள்வி: ராணிப்பேட்டையிலிருந்து, தோல் பதனிடும் ஆலைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளை ஜாவாவில் எழுதிவருகிறேன். பச்சைத்தோல் (பதனிடாதது), வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்), க்ரஸ்ட் (உலர்த்தியது, மேற்பூச்சு இல்லாதது), ஃபினிஷ்ட் (மேற்பூச்சு முடிந்தது) ஆகிய நான்கு நிலைகளையும் ஓர் எனமாக, அதாவது முன்கூட்டியே வரையறுத்த மதிப்புகளின் பட்டியலாக, வைத்திருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளின் எக்செல் கோப்புகளிலோ ஒருவர் ‘வெட் ப்ளூ’ என்கிறார், இன்னொருவர் நடுவில் கோடு போடுகிறார், வேறொருவர் ‘டபிள்யூ.பி.’ என்று சுருக்குகிறார். பெயரை எனம் மதிப்பாக மாற்றும் வேல்யூஆஃப் முறை பிழை எறிந்து நிரல் நின்றுவிடுகிறது. இஃப்-எல்ஸ் வரிசை எழுதி மாளவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: வேல்யூஆஃப், எனம் மாறிலியின் (எனத்தில் உள்ள மதிப்பின்) பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) மட்டுமே ஏற்கும். ஓர் இடைவெளி கூடினாலும் இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்செப்ஷன் என்ற பிழையை எறியும். நல் (மதிப்பே இல்லாத நிலை) வந்தால் நல்பாயின்டர்எக்செப்ஷன். மாறிலியின் பெயர் நிரலாளர் தம் வசதிக்காக வைத்துக்கொண்டது, கோப்பில் வரும் சொல்லோ ஆலைக்காரரின் வழக்கு என்பதால், இரண்டையும் நேரடியாக ஒப்பிடும் பொறுப்பை வேல்யூஆஃபிடம் விடாமல், நடுவில் நீங்களே ஒரு மேப்பை (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணையை) வைத்துக்கொள்வதுதான் முறை.

ஒவ்வொரு மாறிலிக்கும் அதன் மாற்றுப்பெயர்களைக் கன்ஸ்ட்ரக்டர் (மாறிலியை உருவாக்கும் நிரல்பகுதி) வழியாகக் கொடுங்கள். பிறகு எனத்தினுள்ளேயே ஒரு ஸ்டாட்டிக் பிளாக்கில் (எனம் ஏற்றப்படும்போது ஒருமுறை மட்டும் இயங்கும் பகுதியில்) எல்லா மாறிலிகளையும் சுற்றிவந்து, மாற்றுப்பெயரைச் சாவியாகவும் மாறிலியை மதிப்பாகவும் கொண்டு மேப்பை நிரப்புங்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே நிரப்பிவிடலாமே என்று தோன்றும். மாறிலிகள் உருவாகும் வேளையில் ஸ்டாட்டிக் புலங்கள் இன்னும் தயாராகியிருக்காது என்பதால் கம்பைலரே அதைத் தடுத்துவிடும். ஒரே மாற்றுப்பெயர் இரண்டு நிலைகளுக்குத் தரப்பட்டிருந்தால், மேப் நிரம்பும்போதே பிழை எறியச் செய்யுங்கள். அந்தத் தவறு நிரல் தொடங்கும்போது தெரிவது, மாதக் கடைசியில் கணக்கில் தெரிவதைவிட நல்லது.

தேடுவதற்கு முன் ஸ்ட்ரிங்கைச் சீராக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை நீக்கும் ட்ரிம் போதும் என்று நம்ப வேண்டாம். எக்செல் கோப்புகளில் சில வேளைகளில் ஒட்டிக்கொண்டு வரும் ‘நோ-பிரேக் ஸ்பேஸ்’ என்ற இடைவெளியை ட்ரிம்மும் நீக்காது, அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரிப்பும் நீக்காது. ஆகவே எழுத்தும் எண்ணும் அல்லாத அனைத்தையும் நீக்கிவிடுவதே எளிது. இடைவெளி, கோடு, புள்ளி எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். ஆனால் யாரேனும் தமிழில் தட்டச்சு செய்தால் இந்த வழி கவிழ்த்துவிடும். யூனிகோடில் நம் உயிர்மெய்க் குறிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ வகையில் உள்ளன. குறி வகையையும் விட்டுவைக்கும்படி ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எவற்றை நீக்குவது என்று சொல்லும் வடிவக் குறிப்பில்) சொல்லாவிட்டால் ‘தோல்’ என்பது ‘தல’ என்று ஆகிவிடும். ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்தாக்கும்போது லோக்கேல் ரூட்டை (எந்த மொழியின் வழக்கையும் சாராத அமைப்பை) குறிப்பிடுங்கள். துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் ‘ஐ’ என்ற சிறிய எழுத்து மேலே புள்ளி வைத்த வேறோர் எழுத்தாக மாறி, ‘ஃபினிஷ்ட்’ பொருந்தாமல் போகும்.

மேப்பில் இல்லாத சொல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம். முதல் மாறிலியை இயல்பு மதிப்பாகத் தந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் பட்டியலில் முதலில் இருப்பது பச்சைத்தோல் என்றால், பெயர் பிழையாக எழுதப்பட்ட ஃபினிஷ்ட் தோல் முழுவதும் பச்சைத்தோல் இருப்பில் சேர்ந்து, மதிப்பீடே தலைகீழாகும். தாவரப் பொருள்களில் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று ஒருவர் எழுதி அனுப்பினால், அது பிழையும் அல்ல, உங்கள் நான்கு நிலைகளில் அடங்குவதும் அல்ல. எனவே மாற்றும் முறை ஆப்ஷனலை (மதிப்பு இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம் என்ற உறையை) திருப்பித் தரட்டும். அது காலியாக இருந்தால் கோப்பின் வரி எண்ணையும் மூலச் சொல்லையும் தனிப்பட்டியலில் எழுதி, மற்ற வரிகளைத் தொடர்ந்து படியுங்கள். கோப்பு முடிந்ததும் அந்தப் பட்டியல் ஆலைக்குப் போகட்டும்.

பின்னாளில் இதைச் சி ஷார்ப்பில் எழுத நேர்ந்தால் ஸ்ட்ரிங்கை எனமாக மாற்றிப் பார்க்கும் ட்ரைபார்ஸை மட்டும் நம்ப வேண்டாம். அது ‘99’ என்ற ஸ்ட்ரிங்கையும் சரியென்று ஏற்று, உங்கள் எனத்தில் இல்லாத ஒரு மதிப்பைத் தந்துவிடும். மதிப்பு எனத்தில் உண்டா என்று பார்க்கும் இஸ்டிஃபைன்ட் கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும். எம்மொழியானாலும் தரவுத்தளத்தில் மாறிலியின் வரிசை எண்ணைச் சேமிக்காதீர்கள், நடுவில் ஈ.ஐ.யைச் சேர்த்த நாளிலேயே அதற்குப் பின்வரும் நிலைகளின் பழைய பதிவுகள் அனைத்தும் ஒரு நிலை தள்ளிப்போகும்.