‘இல்லை’ என்று பதிந்தது யார்?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார். அவருடைய தந்தை 72 வயதான ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. 2019-இல் மதுரையில் இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மார்ச் மாதம் நியூ ஜெர்சியில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்பட்டபோது, விமான டிக்கெட் எடுத்த டிராவல்ஸ் கடையிலேயே 11,800 ரூபாய் கட்டி, 50,000 டாலருக்குப் பயணக் காப்பீடும் எடுத்தார்கள். போய்ச் சேர்ந்த 23-ஆம் நாள் நெஞ்சுவலி வந்து, அங்கே இன்னொரு ஸ்டென்ட் வைக்க நேர்ந்தது. மருத்துவமனை 1,12,000 டாலருக்கு பில் அனுப்பியிருக்கிறது. ஏற்கெனவே இருந்த நோயை மறைத்துவிட்டதாகச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கிளைமை நிராகரித்துவிட்டது. என்ன செய்யலாம் என்பது முதல் கேள்வி. வரும் ஜனவரியில் அண்ணியின் பிரசவத்துக்கு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 66 வயதுத் தாயார் செல்லவிருக்கிறார். அவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் எந்தப் பாலிசி எடுக்கலாம் என்பது இரண்டாவது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தந்தை நலமாக ஊர் திரும்பிவிட்டார் என்பதைப் படித்து நிம்மதியடைந்தேன். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கங்களுக்கு மேல், டிராவல்ஸ்காரர் இப்போது போனை எடுக்காததையும், நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் உங்களை நடத்திய விதத்தையும், நாற்பது ஆண்டு ஆசிரியப் பணி செய்தவரைப் பொய்யர் என்று எழுதிய கடிதம் அவரை எப்படி உடைத்துவிட்டது என்பதையும் விவரித்திருக்கிறீர்கள். உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் வழக்கில் அதற்கு எடை கிடையாது. பணத்தைக் கட்டினோம், ஆகவே தர வேண்டும் என்ற வாதத்துக்கும் எடை கிடையாது. இந்த வழக்கின் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. காப்பீடு கேட்டு நிரப்பும் விண்ணப்பமான முன்மொழிவுப் படிவத்தில் நோய் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று பதிந்தது யார், பதிவதற்கு முன்பு அவருக்கு உண்மை தெரிவிக்கப்பட்டிருந்ததா, அதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா?

நீங்களே அதற்கு இரண்டு விதமாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் ‘கடைக்காரர் நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை, ஸ்டென்ட் வைத்து ஆறு வருடம் ஆனதால் நாங்களும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், மாத்திரைகளை விமானத்தில் எடுத்துச் செல்லலாமா என்று கேட்டு அப்பாவின் மருந்துச் சீட்டை அதே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகப் போகிற போக்கில் குறிப்பிடுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் சட்டப்படி மதிப்புள்ள வரி அது ஒன்றுதான். அந்தச் செய்தி பாலிசி வழங்கப்பட்ட தேதிக்கு முந்தையதா, சீட்டில் இதய மருந்துகளும் சர்க்கரை மருந்துகளும் தெளிவாகத் தெரிகின்றனவா, பாலிசியின் முதல் பக்கத்தில் ஏஜென்ட் பெயரும் குறியீட்டு எண்ணும் இருக்கும் இடத்தில் இருப்பது அந்தக் கடைதானா என்ற மூன்றையும் இன்றே பாருங்கள். மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் உங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. அந்த இடத்தில் வேறு யாருடைய பெயராவது இருந்தால், அந்தக் கடைக்கும் தனக்கும் தொடர்பே இல்லை என்று நிறுவனம் சொல்லும். அதை உடைப்பது எளிதன்று.

அந்த போனை மாற்றாதீர்கள், அதிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், மூலக்கருவி கையில் இருப்பது முக்கியம்.

‘ஏஜென்ட்தானே நிரப்பினார், அப்பா ஒன்றும் எழுதவில்லையே’ என்பதை முதன்மை வாதமாக வைக்க நினைக்க வேண்டாம். பிறர் நிரப்பிய படிவத்தில் கையெழுத்திட்டவர், உள்ளே இருந்தது தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2019-இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. ஆன்லைனில் ஓ.டி.பி. கொடுத்ததும் கையெழுத்துக்குச் சமம் என்றே நிறுவனம் வாதிடும். ஆனால் படிவமே இல்லாமல் பாலிசி வழங்கப்பட்டிருந்தால் நிலைமை உங்களுக்குச் சாதகமாக மாறும். அப்படிப்பட்ட நேர்வில், கேட்டறிந்த விவரங்களைப் பதிவு செய்து 15 நாட்களுக்குள் வாடிக்கையாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியது நிறுவனத்தின் கடமை என்றும், அப்படிப் பதியாத ஒன்றை மறைத்ததாகச் சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை நிறுவனத்துக்கே உரியது என்றும் 2002-ஆம் ஆண்டின் பாலிசிதாரர் நலன் ஒழுங்குமுறையிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எழுதி வைத்தது. ஆகவே முன்மொழிவின் நகலையும், ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போனது என்ற பதிவையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஓ.டி.பி. கடைக்காரரின் எண்ணுக்கே போயிருந்தால், அந்த ஒரு தாள் உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைவிடப் பெரிய வேலையைச் செய்யும்.

யாராவது 2021 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை உங்களுக்கு அனுப்பி, ‘இது உங்கள் வழக்கேதான்’ என்று சொல்லியிருக்கலாம். அதில் வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு எடுத்து அமெரிக்கா சென்ற ஒருவருக்கு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன. கொழுப்புக்கான மாத்திரையைச் சொல்லவில்லை என்று கிளைம் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைப் பணம் தரச் சொன்னது. ஆனால் அவர் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதைப் படிவத்தில் எழுதியிருந்தார். நிறுவனம் அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி, தெரிந்தே பாலிசி வழங்கியிருந்தது. அந்த வழக்கின் வெற்றிக்கு அஸ்திவாரம் அவர் சொன்ன உண்மை. உங்கள் தந்தையின் படிவத்தில் அந்த அஸ்திவாரம் இல்லை. இருக்கிறதென்றால் அது அந்த வாட்ஸ்அப் செய்தியில்தான் இருக்கிறது.

இனி, இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞரான என்னுடைய கட்சிக்காரர்கள் விழுந்த குழிகளைச் சொல்கிறேன். இதைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

பெரும்பாலான வழக்குகள் தோற்பது மன்றத்தில் அன்று. நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று இரவு, கோபத்தில், குடும்பத்தில் ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் அனுப்பும் மின்னஞ்சலில் தோற்கின்றன. ‘ஸ்டென்ட் பழையது, எனவே சொல்லத் தேவையில்லை என்று கருதினோம்’ என்று அதில் ஒரு வரி இருக்கும். சொல்லத் தேவையில்லை என்று நீங்களே முடிவு செய்ததாக அதற்குப் பொருள். ஆறு மாதம் கழித்து என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞர் ‘ஏஜென்டிடம் சொன்னோம், அவர் பதியவில்லை’ என்று புகார் மனு தயாரிப்பார், எதிர்த்தரப்பு அந்த மின்னஞ்சலை நீட்டும், அத்தோடு முடிந்தது. உங்கள் முதல் பக்கத்து வரி எனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் இருக்கிறதா, உங்கள் அண்ணன் ஏற்கெனவே நிறுவனத்துக்கும் எழுதிவிட்டாரா என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எழுதியிருந்தால், கீழே நான் சமரசம் பற்றிச் சொல்வது உங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

அடுத்தது இதைவிட ஆபத்தானது. ‘இவருக்கு இதற்கு முன் இதய நோய் எதுவும் இல்லை’ என்று உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் சான்று வாங்கிச் சேர்த்துவிடலாம் என்று உறவினர் யாராவது யோசனை சொல்வார். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குள் நுழைந்த உங்கள் தந்தை, சர்க்கரை எத்தனை ஆண்டாக, ஸ்டென்ட் எந்த ஆண்டில், என்னென்ன மாத்திரை என்று அங்குள்ள செவிலியரிடம் உண்மையைச் சொல்லியிருப்பார். சொன்னதால்தான் உயிர் பிழைத்திருப்பார். அந்தப் பதிவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதற்கு எதிராக ஒரு பொய்ச் சான்றைத் தாக்கல் செய்தால், கவனக்குறைவாக இருந்த ஒரு விஷயம் அன்றைக்கே மோசடியாக மாறும். தந்தையோடு சேர்த்து அந்த மருத்துவரும் குற்ற வழக்கைச் சந்திக்க நேரிடும். வெல்லக்கூடிய வழக்கோடு வந்த ஒரு குடும்பம் இப்படி ஒரு தாளால் எல்லாவற்றையும் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் இரண்டு கதவுகளைத் தட்டுவது. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதிய பின், அவருடைய பதில் வந்ததிலிருந்தோ, பதிலே வராவிட்டால் ஒரு மாதம் முடிந்ததிலிருந்தோ ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்) போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம், உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவைத் தொட மாட்டார். அவசரப்பட்டு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டுவிட்டு, பிறகு குறைதீர்ப்பாளரைப் பற்றிக் கேள்விப்பட்டு வருந்துபவர்கள் அதிகம். முதலில் குறைதீர்ப்பாளர், அங்கே கிடைக்காவிட்டால், நிராகரிப்பிலிருந்து இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் நுகர்வோர் ஆணையம்.

பில் 1,12,000 டாலராக இருந்தாலும், நீங்கள் முழுமையாக வென்றால் கிடைப்பது அதிகபட்சம் 50,000 டாலர்தான். அறுபதைக் கடந்தவர்களுக்கான மலிவான பாலிசிகள் பலவற்றில் அறை வாடகை, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை சிகிச்சை நிபுணர் கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் உள் வரம்பு உண்டு. உங்கள் பாலிசியிலும் அது இருந்தால் தொகை இன்னும் குறையும். அதனால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். ஏற்கெனவே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் குறிப்பிட்ட தொகை வரை தருவதாகப் பல பாலிசிகளில் ஒரு விதி உண்டு. உங்களுடையதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விதியையும் வாட்ஸ்அப் செய்தியையும் முன்வைத்து, குறைதீர்ப்பாளர் முன்னிலையில் ஒரு பகுதித் தொகைக்கு நிறுவனம் சம்மதித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று எழுதிய ரசீதில் கையெழுத்திட்ட பின் மீதிக்கு வழக்குப் போட முடியும் என்று மட்டும் நம்பாதீர்கள். தொகை திருப்தியாக இருந்தால் மட்டுமே கையெழுத்திடுங்கள்.

பெரிய சமரசம் மருத்துவமனையோடு செய்ய வேண்டியது. அது லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால், அமெரிக்க வரிச் சட்டப்படி அதற்கு நிதியுதவித் திட்டம் ஒன்று இருந்தாக வேண்டும். சிகிச்சை முடிந்து அனுப்பப்பட்ட முதல் பில்லிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். தலைமையாசிரியர் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அதற்குத் தகுதி பெறுகிறாரா என்று உங்கள் அண்ணன் இந்த வாரமே கேட்கட்டும். ஒவ்வொரு செலவும் தனித்தனியாகக் காட்டப்பட்ட பில்லையும் கேட்டு வாங்கட்டும். அனுமதியின்போது அவர் பொறுப்பேற்பவராக ஏதாவது கையெழுத்திட்டிருந்தால் கடன் அவர் மீது வரக்கூடும். அந்தத் தாளை அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டும் வரை கிரெடிட் கார்டில் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

தாயாரின் விஷயத்துக்கு வருகிறேன். மிகக் குறைந்த பிரீமியம் எது என்ற கேள்வியைக் கைவிடுங்கள். நோயைச் சொன்ன பிறகும் நோய்க்குப் பணம் தரும் பாலிசிகளில் குறைந்தது எது என்று கேளுங்கள். செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. மூன்று மாதம் என்பதை ஆறு வாரமாகக் குறைக்கலாம். முதலில் கைப்பணமாக ஏற்க வேண்டிய தொகையைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். உள் வரம்பு இல்லாத பாலிசிக்கு ஆகும் கூடுதல் பிரீமியத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் தாயாரின் சொந்த மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்துக்கு எழுதி, ‘அறிந்து ஏற்றுக்கொண்டோம்’ என்ற பதிலைப் பெற்ற பிறகு பணம் கட்டுங்கள். ஓ.டி.பி. உங்கள் வீட்டு எண்ணுக்கே வரட்டும். நோய்க்காகப் பிரீமியம் கூடினால் மகிழ்ச்சியோடு கட்டுங்கள். உண்மை பதிவாகிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அமெரிக்காவிலேயே கிடைக்கும் பார்வையாளர் பாலிசியை எடுக்கலாம் என்று அண்ணன் சொல்லக்கூடும். அவற்றில் பலவும், ஏற்கெனவே உள்ள நோய் முன்னறிகுறி இல்லாமல் திடீரெனத் தீவிரமானால் மட்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியிருந்தால் மட்டும் பணம் தருபவை. வயது கூடக்கூட அந்த வரம்பும் குறையும். சில நாட்களாகவே நெஞ்சு கனத்தது என்று தாயார் மருத்துவரிடம் சொன்னால் அதுவே முன்னறிகுறியாகிவிடும். தகராறு வந்தால் அந்த நிறுவனத்தைச் சென்னைக் குறைதீர்ப்பாளரிடம் இழுக்க முடியாது. இந்திய நிறுவனத்தின் பாலிசி என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34-இன்படி, வசிக்கும் இடம் என்ற அடிப்படையில் மதுரையிலேயே நீங்கள் மனுப் போடலாம். எந்த மன்றம் விசாரிக்கலாம் என்பது கட்டிய பிரீமியத்தைப் பொறுத்ததே தவிரக் கிளைம் தொகையைப் பொறுத்ததன்று என்பதால் மாவட்ட ஆணையமே போதும், கட்டணமும் இல்லை. இரண்டு பாலிசிகளும் ஏறத்தாழ ஒரே விலை என்றால், வாசலில் வழக்காடும் உரிமையைத் தரும் பாலிசியை எடுங்கள்.

வாட்ஸ்அப் செய்தியின் தேதி, பாலிசியின் முதல் பக்கம், இதுவரை நிறுவனத்துக்கு அனுப்பிய எல்லா மின்னஞ்சல்களும் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் வழக்கறிஞரிடம் போங்கள். அதுவரை, முன்மொழிவின் நகலையும் ஓ.டி.பி. பதிவையும் கேட்பதைத் தவிர, நிறுவனத்துக்கு ஒரு வரிகூடப் புதிதாக எழுத வேண்டாம்.