அதே காப்பரிசி

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பண்டிகைகளை ஒட்டிப் பிள்ளைகளுக்குச் சமையலும் தோட்டமும் சொல்லித் தருகிறோம். போன ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி, முளைப்பாரி, அவரை விதைப்பு எல்லாம் செய்தாயிற்று. இந்த வருடமும் அதையே செய்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா? புதிதாக என்ன செய்யலாம்? சின்னப் பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்கலாமா? முளைப்பாரியைக் கடையில் வாங்கலாமா?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

கத்தி கொடுக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கடையில் முளைப்பாரி வாங்குவதற்கு, முளைப்பாரி இல்லாமலே இருந்துவிடலாம்.

சலித்துவிடாதா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். சலிப்பது பிள்ளைகளுக்கா, உங்களுக்கா?

எங்கள் ஊர் திருவையாற்றுப் பக்கம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பாயி காப்பரிசிப் பொறுப்பை என்னிடம் விட்டாள். பெரிய வேலை இல்லை, அடுப்புகூட வேண்டாம். பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, ஈரம் போனபின் வெல்லம் சேர்க்க வேண்டும். எனக்கு அவசரம். ஈர அரிசியிலேயே வெல்லத்தைக் கொட்டித் தூக்குச்சட்டியை மூடிவிட்டேன். காவிரிக்கரையில், புஷ்ய மண்டபப் படித்துறையில் திறந்து பார்த்தால் வெல்லத் தண்ணீரில் அரிசி மிதக்கிறது.

அப்பாயி அதைக் கொட்டவில்லை. பூவரச இலையில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். பழுப்புத் தண்ணீர் முழங்கைவரை ஒழுகியது. "இது காப்பரிசியா, பாயசமா?" என்றார் பெரியப்பா. "அடுத்த வருஷமும் அவன்தான் செய்வான்" என்றாள் அப்பாயி. எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்டனை என்றே நினைத்தேன்.

அடுத்த ஆடியில் அவள் கிட்டவே வரவில்லை. ஓர் அரிசியை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன், இரண்டாக உடைந்தது. துணியில் பரப்பிப் புறங்கையை வைத்தேன், நாலைந்து அரிசி ஒட்டியது. காத்திருந்தேன். மறுபடி வைத்தேன், ஒன்று ஒட்டியது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். அந்த வருடம் பெரியப்பா இரண்டாம் முறை கை நீட்டினார்.

அப்பாயி அன்றைக்குப் புதிதாக வேறொன்று யோசித்திருந்தால், நான் காப்பரிசியைக் கெடுத்த பையனாகவே நின்றுபோயிருப்பேன். உங்கள் பிள்ளைகளில் போன வருடம் யாராவது கெடுத்தார்களா? கெடுத்திருக்க மாட்டார்கள். அரிசியை நீங்கள் ஊறவைத்திருப்பீர்கள், வெல்லத்தை ஆயாம்மா தட்டியிருப்பார், பிள்ளைகள் கரண்டியால் ஒரு கிளறு கிளறிப் போட்டோவுக்கு நின்றிருப்பார்கள். அதுதான் சலிக்கும். ஒரே தடவையில் சலிக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம். போட்ட அவரை மார்கழி, தையில்தான் காய்க்கும். நடுவில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டு எந்தப் பிள்ளையின் கொடி வீணானதோ, அந்தப் பிள்ளைக்கு இந்த ஆடி வேண்டும். அடுப்புச் சாம்பலை எப்போது தூவுவது என்று இந்த முறை அது உங்களுக்கே சொல்லும். நீங்களோ புதிதாக ஏதாவது வேண்டும் என்று அதன் கையில் வண்ணக் காகிதத்தைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

அப்புறம், ஆறு ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரியா வருகிறது? மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2016இல் செப்டம்பர் 20இல்தான் திறந்தார்கள். ஆடிப் பதினெட்டு வந்தபோது எங்கள் பக்கம் ஆற்றில் மணல்தான். பம்புசெட் தொட்டி ஓரத்தில் வைத்துப் படைத்தோம். அதே காப்பரிசிதான். "ஆறு எங்கே தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். கர்நாடகம், மழை, அணை என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் அடுத்த ஆடியிலும் அதையே கேட்டாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். இதையாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஆசிரியைகள் எத்தனை பேர்? காப்பரிசியில் எள்ளை மட்டும் வறுத்துப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் கசக்கும்.