விளையாட்டுக் கேள்வி–பதில்: பந்து எத்தனை முறை கைக்கு வரும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்துப் பருவம் ஆகஸ்டு கடைசியில் தொடங்குகிறது. நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது; பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பிய குடும்பங்கள், பள்ளியில் ரக்பி ஆடியவர்கள், ஞாயிறு காலையில் மாமாக் கடையில் கைப்பேசியை நடுவில் வைத்து ஆட்டம் பார்க்கும் இளைஞர்கள் என்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இதற்கு ரசிகர்கள் உண்டு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பந்தை ஏந்தி ஓடுவதையே முதல் வேலையாகக் கொண்ட ரன்னிங் பேக்கைப் பற்றியவை. இங்கே ‘ஓட்டம்’ என்பது, அவர் பந்தை வாங்கிக்கொண்டு ஒருமுறை ஓடுவதைக் குறிக்கும்.

கேள்வி (செந்தூல்): என் மகன் படிக்கும் பல்கலைக்கழக அணியில் போன ஆண்டு இரண்டாம் இடத்தில் இருந்த ரன்னிங் பேக், ஓட்டத்துக்குச் சராசரியாக 7 கஜம் எடுத்தார். முதல் ஆள் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-க்குப் போய்விட்டார். இந்த ஆண்டு 250 ஓட்டம் கிடைத்தால் 1,750 கஜம் வரும் என்கிறேன் நான். 1,000-ஐ எட்டினாலே பெரிது என்கிறார் என் மைத்துனர். யார் பக்கம் நியாயம்?

பதில்: உங்கள் பெருக்கலில் இருக்கும் இரண்டு எண்களையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் அந்த 250. வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள். 250 ஓட்டம் என்றால் ஆட்டத்துக்கு 21. அவர் ஒரு வாரம்கூட காயத்தால் உட்காரக் கூடாது, பயிற்றுநர் இன்னொருவரோடு பங்கு பிரிக்கக் கூடாது, அணி பின்தங்கிப்போய்ப் பந்தை வீசியே ஆட வேண்டிய நிலை வரக் கூடாது. மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். செப்டம்பரில் பலவீனமான எதிரணிகளோடு ஆடும்போது வேறொரு குறை வரும்: பாதி ஆட்டத்திலேயே 30 புள்ளி முன்னிலை கிடைத்தால் முதல் ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். 2023-இல் வந்த கடிகார விதியும் இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு முதல் டவுனுக்கும் (நான்கு டவுன், அதாவது நான்கு வாய்ப்புக்குள், 10 கஜம் கடந்து புதிதாக வாய்ப்புகள் பெறும்போதெல்லாம்) கடிகாரம் சற்று நிற்கும். இப்போது அரை ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டுமே நிற்கிறது. அதனால் ஓர் ஆட்டத்தில் பந்தை எடுத்து ஆடும் தடவைகளின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. ஆட்டத்துக்கு 15 முதல் 18 ஓட்டம், அதாவது பருவத்துக்கு 180 முதல் 215 வரை என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

அடுத்து அந்த 7. இரண்டாம் ஆளின் ஓட்டங்களில் பாதிக்கு மேல், எதிரணி களைத்துத் தளர்ந்த பிறகு வருபவை. ஒரு கஜம் மட்டும் தேவைப்படும் நெருக்கடியில், எட்டுப் பேர் முன்னால் அடைத்து நிற்கும்போது அவரை அனுப்பியிருக்க மாட்டார்கள். அங்கே 2 கஜம் எடுத்தால் முழு வெற்றி, ஆனால் சராசரி சரியும். இந்த ஆண்டு அந்த ஓட்டங்களும் அவர் தலையில்தான். ஒரு சோதனை செய்து பாருங்கள். போன ஆண்டின் இரண்டு மிக நீளமான ஓட்டங்களை எடுத்துவிட்டு மறுபடி வகுங்கள். 80 ஓட்டத்தில் 560 கஜம் என்றால் சராசரி 7. அதில் ஒரு 75-ம் ஒரு 60-ம் இருந்தால், மீதி 78 ஓட்டத்துக்கு 425 கஜம்தான். சராசரி 5.4 ஆக இறங்கிவிடும்.

பழைய கணக்குகள் இரண்டு பக்கமும் பேசும். அலபாமாவின் டெரிக் ஹென்றி 2014-இல் டி.ஜே. யெல்டனோடு பங்கு போட்டு 172 ஓட்டத்தில் 990 கஜம் எடுத்தார், சராசரி 5.8. யெல்டன் போன பிறகு 2015-இல் 395 ஓட்டம், 2,219 கஜம்; சராசரி 5.6. விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் 2013-இல் ஜேம்ஸ் ஒயிட்டோடு பகிர்ந்து 206 ஓட்டத்தில் 1,609 கஜம். ஒயிட் போனதும் 2014-இல் 343 ஓட்டத்தில் 2,587. சராசரி 7.8-இலிருந்து 7.5-க்கு மட்டுமே இறங்கியது. ஆனால் இவர்கள் இருவரும் இரண்டாம் ஆளாக இருந்தபோதே 170, 200 ஓட்டம் ஓடியவர்கள். அந்த அளவு ஓடிப் பெற்ற சராசரியை நம்பலாம். 80 ஓட்டத்தில் வந்ததை நம்ப முடியாது.

என் கணிப்பு 1,000-க்கும் 1,200-க்கும் இடையில். மைத்துனர் பக்கம்தான் தராசு தாழ்கிறது. முன்வரிசை ஐவரில், குறிப்பாக நடுவில் நிற்கும் சென்டரும் சேர்த்து, நான்கு பேர் போன ஆண்டு ஆடியவர்களாக இருந்தாலோ, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தானும் ஓடக்கூடியவராக இருந்தாலோ உங்கள் பக்கம் 200 கஜம் கூட்டிக்கொள்ளலாம். ஓடும் குவார்ட்டர்பேக்கைக் கண்காணிக்கத் தற்காப்பு ஓர் ஆளை ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த ஒருவர் ரன்னிங் பேக்கைப் பிடிக்க வரமாட்டார்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): பள்ளியில் ரக்பி ஆடியவன் நான். ஓரத்தில் இடம் காலியாக இருக்க, இவர்கள் ஏன் கூட்டத்துக்குள்ளேயே போய் முட்டுகிறார்கள்?

பதில்: ரக்பி திடலின் அகலம் 70 மீட்டர் வரை இருக்கும். அமெரிக்கத் திடலின் அகலம் 160 அடி, அதாவது 49 மீட்டருக்கும் குறைவு. ஓரத்தில் தெரியும் காலியிடம் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் மூடிக்கொள்ளும். ரக்பியில் 3 மீட்டர் பின்வாங்கினாலும் பந்து உங்கள் அணியிடமே இருந்தால் போதும். இங்கே நான்கு வாய்ப்பில் 10 கஜம் கடக்க வேண்டும். முதல் வாய்ப்பில் 3 கஜம் இழந்தால் மீதி மூன்றில் 13 கஜம். அந்த இழப்பு ஒரு தொடரையே கெடுக்கும்.

கூட்டம் என்று தெரிவது உண்மையில் ஒழுங்கான நகர்வு. ‘இன்சைட் ஸோன்’ ஓட்டத்தில் முன்வரிசை ஐவரும் ஒரே பக்கமாக அடியெடுத்து வைப்பார்கள். இருவர் சேர்ந்து ஒரு தற்காப்பு ஆளைத் தள்ளி, பிறகு அவர்களில் ஒருவர், தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரிடம் போவார். ரன்னிங் பேக் பார்க்க வேண்டியது அந்த முதல் தற்காப்பு ஆளின் உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை. அவர் வெளிப்பக்கம் போனால் உள்ளே வெட்டித் திரும்ப வேண்டும். உள்ளே அடைத்தால் வெளியே விலக வேண்டும். அசையாமல் நின்றால் நேராகப் புக வேண்டும். ஒரே ஒரு திருப்பம்தான். இரண்டாவது திருப்பத்துக்கு நேரமில்லை. புதியவர்கள் செய்யும் தவறு அவசரம். இருவர் தள்ளி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்தால், லைன்பேக்கர் தடுக்க ஆளில்லாமல் காத்திருப்பார். மெதுவாக அணுகி, வழி திறந்ததும் பாய்பவரே தேறுவார்.

பல்கலைக்கழகத் திடலுக்கு இன்னொரு தன்மை உண்டு. ஆட்டம் தொடங்கும் இடத்தைக் காட்டும் உள்கோடுகள் இரண்டும் 40 அடி இடைவெளியில், ஒவ்வொன்றும் பக்கக்கோட்டிலிருந்து 60 அடி தள்ளி இருக்கும். பந்து இடதுகோட்டில் இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. வேகமான ரன்னிங் பேக் அகன்ற பக்கம் எத்தனை முறை அனுப்பப்படுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். பயிற்றுநருக்கு அவர் காலின் மேல் உள்ள நம்பிக்கை அதில் தெரியும்.

ரக்பிக்காரர்களுக்கு ஒரு சொல்: பந்தை இரு கையிலும் முன்னால் நீட்டிப் பிடிப்பது இங்கே ஆபத்து. ஒரு முனையை விரல்களால் மூடி, மறுமுனையை முழங்கை மடிப்பில் செருகி, விலாவோடு அழுத்த வேண்டும். எதிராளி வலப்பக்கம் இருந்தால் பந்து இடக்கையில்.

கேள்வி (பங்சார்): எங்கள் அணியின் மிக வேகமான ரன்னிங் பேக்கை மூன்றாவது டவுனில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். பயிற்றுநருக்கு அவரைப் பிடிக்கவில்லையா?

பதில்: பிடிக்காமல் இல்லை. குவார்ட்டர்பேக்கின் உடம்பை அவரிடம் ஒப்படைக்கத் தயங்குகிறார்.

மூன்றாவது டவுனில் 7 கஜம் வேண்டுமென்றால் பந்து பெரும்பாலும் வீசப்படும். அப்போது ரன்னிங் பேக் காவலாள். பந்து எடுக்குமுன் யார் நடு லைன்பேக்கர் என்று சென்டரோ குவார்ட்டர்பேக்கோ சுட்டிச் சொல்வார்கள். முன்வரிசை ஐவர் யார் யாரைப் பிடிப்பது என்பது அதை வைத்து முடிவாகும். மிஞ்சி வருபவர் ரன்னிங் பேக்கின் பொறுப்பு. கண் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். குவார்ட்டர்பேக்கை அடையக் குறுக்கு வழி நடுப்பகுதிதான். நடுவில் யாரும் வராவிட்டால்தான் ஓரத்தைப் பார்க்கலாம்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகும் வேலை இருக்கிறது. முன்னேறிப் போய்ச் சந்திக்க வேண்டும். குவார்ட்டர்பேக்கின் காலடியில் நின்று காத்திருந்தால் மோதலில் இருவரும் அவர் மேலேயே விழுவார்கள். முழங்கால் மடங்கி, பாதங்கள் அகன்று, கைகள் எதிராளியின் மார்புக்குள் போக வேண்டும். 90 கிலோ இளைஞர் 105 கிலோ லைன்பேக்கரைத் தடுக்கும்போது தலையைக் குனிந்து பாய்ந்தால், அவர் சற்று விலகினாலே தடுப்பு காற்றில் போகும். யாருமே வரவில்லையென்றால் நழுவி வெளியே போய்க் குறும்பந்து வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைக் கற்க ஒரு பருவம் ஆகும். உங்கள் ஆள் தேறிவிட்டாரா என்பதை இரண்டாம் கால் பகுதியில், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது வரும் மூன்றாவது டவுனில் பாருங்கள். அப்போது திடலில் நிற்பவரே பயிற்றுநரின் உண்மையான முதல் ஆள். அவருக்குத்தான் பருவ முடிவில் ஓட்டங்களும் குவியும்.

கேள்வி (பட்டர்வொர்த்): முழங்கால் காயத்திலிருந்து திரும்பும் ஒருவரிடம் முதல் ஆண்டிலேயே பழைய ஆட்டத்தை எதிர்பார்க்கலாமா?

பதில்: எண்ணிக்கையை எதிர்பார்க்கலாம், சராசரியை வேண்டாம். ஜார்ஜியாவின் நிக் சப் 2014-இல் 219 ஓட்டத்தில் 1,547 கஜம் எடுத்தார், சராசரி 7.1. 2015 அக்டோபரில் டென்னசியோடு ஆடியபோது முழங்காலில் பல தசைநார்கள் கிழிந்தன. முன்பக்கத் தசைநார் மட்டும் தப்பியது. 2016-இன் முதல் ஆட்டத்திலேயே 32 ஓட்டம், 222 கஜம். எல்லாரும் ‘முழுதாகத் திரும்பிவிட்டார்’ என்றார்கள். ஆனால் அந்தப் பருவத்தின் சராசரி 5.0-இல் நின்றது. அடுத்த ஆண்டு 6.0-க்கு ஏறி 1,345 கஜம் எடுத்தார். தைத்த நார் வலுப்பதைவிட, அந்தக் காலை நம்பித் திரும்ப மனமும் தசையும் பழகுவதற்கு அதிக நாள் பிடிக்கும்.

முன்பக்கத் தசைநார் அறுவை என்றால் திடலுக்கு வரவே ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். திரும்பியவரைப் பார்க்கும்போது, காயப்பட்ட காலை ஊன்றி எதிர்ப்பக்கம் திரும்புகிறாரா, அல்லது இரண்டு சிறு அடி கூடுதலாக வைத்துத் திரும்புகிறாரா என்று கவனியுங்கள். அந்தக் கூடுதல் அடி மறையும்வரை நீள ஓட்டங்கள் வராது.

கேள்வி (ஜெலுத்தோங்): ஒரே பருவத்தில் மிக அதிகக் கஜம் ஓடிய பாரி சாண்டர்ஸின் சாதனையை ஆஷ்டன் ஜென்டி முறியடித்திருக்க வேண்டும் என்கிறான் என் தம்பி. சரியா?

பதில்: பாய்ஸி ஸ்டேட்டின் ஜென்டி 2024-இல் 14 ஆட்டங்களில் 2,601 கஜம். ஓக்லஹோமா ஸ்டேட்டின் சாண்டர்ஸ் 1988-இல் 11 ஆட்டங்களில் 2,628. வித்தியாசம் 27 கஜம். ஆனால் அந்தக் காலத்தில் பருவ முடிவில் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், 2002-இலிருந்துதான் சேர்க்கிறார்கள். ஹாலிடே பௌலில் சாண்டர்ஸ் எடுத்த 222 கஜத்தையும் கூட்டினால் 2,850. தம்பியின் வாதம் நிற்காது. ஆனாலும் ஜென்டியின் 374 ஓட்டங்களும் அவற்றில் 7 கஜச் சராசரியும் மாபெரும் உழைப்பு. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): நேரக் கணக்கு குழப்புகிறது. எத்தனை மணிக்கு எழுந்திருப்பது?

பதில்: அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு 12 மணி கூட்டுங்கள். சனி நண்பகல் ஆட்டம் நமக்கு ஞாயிறு நள்ளிரவு, மாலை 3.30 ஆட்டம் விடியற்காலை 3.30, இரவு 7.30 ஆட்டம் ஞாயிறு காலை 7.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு 13 மணி.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): எத்தனையாவது ஆட்டத்தில் ஒருவரைப் பற்றி முடிவுக்கு வரலாம்?

பதில்: நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு. அதற்குள் பலவீனமான எதிரணிகள் முடிந்து, தன் லீக் அணிகளோடு மோதல் தொடங்கியிருக்கும். ஒரு தாளில் அவருடைய ஒவ்வொரு ஓட்டத்தையும் குறியுங்கள். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி எடுத்தால் வெற்றி. இரண்டாவதில் பத்துக்கு ஏழு பங்கு. மூன்றாவது, நான்காவதில் முழுவதும். நூற்றுக்கு 45-க்கு மேல் வெற்றி என்றால் அணியைத் தாங்குகிறார். சராசரி 6 இருந்தும் வெற்றி 35-தான் என்றால், இரண்டு மூன்று நீள ஓட்டங்கள் கண்ணை மறைக்கின்றன.

அணியின் மொத்த ஓட்டக் கஜத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழகக் கணக்கில் குவார்ட்டர்பேக் பந்தோடு பிடிபட்டு இழக்கும் கஜங்களையும் ஓட்டத்திலிருந்தே கழிப்பார்கள், என்.எஃப்.எல்-இல் அப்படியில்லை. 40 கஜம் அப்படிப் போயிருந்தால், நன்றாக ஓடிய அணியும் தோற்ற அணிபோலத் தெரியும். ரன்னிங் பேக்கின் பெயருக்கு நேரே உள்ள எண்ணை மட்டும் எடுத்து, பக்கத்தில் அன்றைய ஓட்டங்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். செந்தூல் வாசகரும் மைத்துனரும் தங்கள் பந்தயத்தை அந்தத் தாளை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம்: நான்கு ஆட்டங்களில் 70 ஓட்டம் தாண்டியிருந்தால் 1,200-ஐ நோக்கிப் போகிறார், 55-க்குக் கீழே என்றால் மைத்துனருக்குத் தே தாரேக் வாங்கித் தர வேண்டியதுதான்.