பழைய செட்டிநாட்டு வீடு. ஒரு நாய், இரண்டு பூனைக்குட்டிகள். வீட்டுக்குள் எந்தச் செடிகளை வைக்கலாம்?

தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைச் செப்பனிட்டுக் குடிவந்திருக்கிறீர்கள். முகப்பிலும், முற்றத்தைச் சுற்றிய வளவிலும் பச்சையாக ஏதாவது வைக்க ஆசை. நாயும் பூனைக்குட்டிகளும் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிற வயதில் இருக்கின்றன. நர்சரிக்காரர் "எந்தச் செடியும் ஒன்றும் செய்யாது" என்றாராம். அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப வேண்டாம். நான் நம்பி, எங்கள் பூனையைத் துடிக்க விட்டேன்.

எங்கள் வீடு கானாடுகாத்தானுக்கு அருகில். முகப்பில், பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் பொன்னி அதன் இளந்தளிர் ஒன்றைக் கடித்தாள். பத்து எண்ணுவதற்குள் தலையை உதறத் தொடங்கினாள். முன்னங்காலால் வாயைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். எச்சில் நூல்நூலாக இறங்கித் தரையின் ஆத்தங்குடிக் கல்லில் சிறு குளமாகத் தேங்கியது. அடுப்படியிலிருந்து வந்த அப்பத்தா ஒரு கணம் பார்த்துவிட்டு, "கருணைக்கிழங்கைப் பச்சையாகக் கடித்த மாதிரி அல்லவா துடிக்கிறது" என்றார். கால்நடை மருத்துவரும் பிறகு அதையேதான் சொன்னார். இரண்டும் ஒரே குடும்பம் என்றார்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆபத்தை நீங்களே அடையாளம் கண்டுவிடலாம். கருணை, சேனை, சேப்பங்கிழங்கு மூன்றும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சரியாக வேகாவிட்டால் நாக்கு நமைக்கும், தொண்டை காறும். அதனால்தான் புளி விட்டுச் சமைக்கிறோம். அந்த நமைச்சலுக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். ஊசி போன்ற வடிவம். இலையையோ தண்டையோ கடித்த உடனே வெளியே பாய்ந்து நாக்கிலும் ஈறிலும் தைக்கும். நர்சரிகளில் "இன்டோர் பிளான்ட்" என்று வரிசையாக நிற்பவற்றில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான்: மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, அக்லோனிமா, சிங்கோனியம், கலேடியம், ஆந்தூரியம், பீஸ் லில்லி, இசட்-இசட் பிளான்ட். பூவைப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும். ஒரே ஒரு மடல், அதற்கு நடுவில் திரி போல ஒரு தண்டு. ஆந்தூரியத்தையும் பீஸ் லில்லியையும் அருகருகே வைத்துப் பாருங்கள், புரியும். பெரும்பாலும் இவை உயிரை எடுப்பதில்லை. ஆனால் வாயும் தொண்டையும் வீங்கினால் மூச்சு தடைப்படலாம். டிஃபன்பேக்கியாவில் அந்த வீக்கம் கடுமையாக இருக்கும். பொன்னி அன்று இரவு முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உயிருக்கே ஆபத்தானவை வேறு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வாசலுக்கு இருபுறமும் தொட்டியில் சைகஸ் வைப்பது ஒரு அழகு என்று ஆகிவிட்டது. "சைகஸ் பாம்" என்றுதான் விற்பார்கள். அது பனை இனமே இல்லை. செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு, விதையில் மிக அதிகம். ஒன்றிரண்டு விதையே ஒரு நாயைக் கொல்லப் போதும். முதலில் வாந்தி வரும், பிறகு சற்றுத் தேறியது போலவும் தோன்றலாம். ஓரிரு நாளில் கல்லீரல் கெட்டுப்போய்க் கண்ணும் ஈறும் மஞ்சளாகும். நாய் வளர்க்கிற வீட்டில் இந்தச் செடிக்கு இடமே கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பூனைக்கு அதற்கு நிகரான எமன் லில்லிப்பூ. கல்யாண மேடை அலங்காரத்துக்கு வருகிறதே, பெரிய இதழும் காவி நிறத் தூளும் கொண்ட அந்த வகையைச் சொல்கிறேன். நம் பக்கம் பழைய வீடுகளைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது பெருகிவிட்டது. விசேஷம் முடிந்து மிஞ்சிய பூக்களை யாராவது அன்பாகக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கி வைத்துவிடாதீர்கள். இலையைக் கடிக்கக்கூட வேண்டாம். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ, பூ வைத்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோ போதும், மூன்று நாளுக்குள் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். 18 மணி நேரத்துக்குள் டிரிப் ஏற்றிச் சிகிச்சை தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிறுநீர் நின்றுபோன பிறகு தூக்கிக்கொண்டு ஓடினால் பெரும்பாலும் பயனில்லை.

மழைக்குப் பிறகு வேலியோரம் பூக்கும் செங்காந்தள் நம் மாநில மலர். அதைப் பார்த்து மயங்கி, கிழங்கை எடுத்து வந்து தொட்டியில் ஊன்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மண்ணைத் தோண்டுகிற நாய் உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு குடும்பம் அரளி. செவ்வரளி, மஞ்சள் அரளி, நித்தியகல்யாணி, இப்போது எல்லா நர்சரியிலும் குண்டான அடியோடு நிற்கும் அடீனியம் எல்லாம் இதில் அடங்கும். அரளி வகைகளிலும் அடீனியத்திலும் உள்ள நஞ்சு நேரே இதயத் துடிப்பைக் குலைக்கும்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வெளியூரிலிருந்து வந்த செடிகள்மீது நமக்கு இயல்பாகவே சந்தேகம் உண்டு. பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் மருந்துச் செடிகள்மீது ஒருபோதும் சந்தேகம் வராது. எங்கள் சின்னப் பூனைக்குட்டி ஒரு வாரம் விட்டுவிட்டு வாந்தி எடுத்தது. நெத்திலி ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினேன். குடற்புழு மருந்து கொடுத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் வளவில் உட்கார்ந்து கற்பூரவள்ளி இலை பறிக்கும்போதுதான் பார்த்தேன்: தடித்த இலையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி, அதைச் சுற்றிச் சிறு பல் பதிந்த புள்ளிகள். கீழ்வரிசை இலைகள் எல்லாவற்றிலும் அப்படியே. தொட்டியை மாடிக்கு மாற்றினேன், இரண்டே நாளில் வாந்தி நின்றது. கற்பூரவள்ளியின் எண்ணெய்தான் காரணம். குழந்தைக்குச் சளி என்றால் நாம் வாட்டிப் பிழிந்து கொடுக்கும் அதே இலை. பூனையின் கல்லீரலில் சில பொருள்களை உடைத்து வெளியேற்றும் வழி மிகவும் பலவீனமானது. அதனால் நமக்குச் சாதாரணமானது அதற்குத் தாங்காது. பாராசிட்டமால் கதையும் இதுதான். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும், மறந்தும் கொடுத்துவிடாதீர்கள்.

சோற்றுக்கற்றாழையில் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். கண்ணேறு கழிய நிலைவாசலுக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதில் தவறில்லை, எட்டாது. தரையில் தொட்டியாக வைக்காதீர்கள். சிறுநீரகக் கல்லுக்கு என்று வளர்க்கும் ரணகள்ளி அதைவிட மோசம், அது இதயத்தைப் பாதிக்கும்.

சரி, எதைத்தான் வைப்பது? நிறைய இருக்கின்றன. செட்டிநாட்டு வீடு அவற்றுக்கென்றே கட்டியது போல அமைந்திருக்கிறது. முற்றத்தில் நேர் வெயில், சுற்றுத் தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் குறைந்துகொண்டே போகும் வெளிச்சம், இரண்டாம் கட்டு எனப்படும் பின்பகுதியில் நல்ல நிழல் என்று ஒரே வீட்டுக்குள் எல்லாம் கிடைக்கிறது.

தாழ்வாரத்துத் தூண்களை ஒட்டி அரிக்கா பாம் வையுங்கள். நாய்க்கும் பூனைக்கும் பாதுகாப்பானது, ஆளுயரம் வளரும், உயர்ந்த கூரைக்கு எடுப்பாக இருக்கும். வெயில் படும் முற்றத்து மூலைக்குப் போனிடெயில் பாம். அடித்தண்டு யானைக்கால் போலப் பருத்துத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் தாங்கும். சிவகங்கைச் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டிச் செடியை நான் பார்த்ததில்லை. பேர்தான் பாம், இதுவும் பனை இனம் இல்லை, சைகஸும் இல்லை. விற்பவர் இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் இலையைத் தொட்டுப் பாருங்கள். போனிடெயில் இலை கூந்தல் போல மெல்லியதாகத் தொங்கும். சைகஸ் இலை விறைப்பாக நிற்கும், நுனி கையில் குத்தும்.

நிழலுக்குக் கலாத்தியாவும் மரந்தாவும். இலையில் இருக்கும் கோலத்துக்காகவே வைக்கலாம்; இரவானால் இலைகளைக் கைகூப்புவது போல மேலே தூக்கிக்கொள்ளும். போர்வெல் உப்புத் தண்ணீர் மட்டும் ஆகாது, ஓரம் கருகும். ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைக்கும் பழக்கத்தை உங்கள் வீட்டிலும் மறுபடி தொடங்குங்கள். எங்கள் கலாத்தியா அந்தத் தண்ணீரில்தான் பிழைத்திருக்கிறது.

ஸ்பைடர் பிளான்ட் பாதுகாப்பானது, ஆனால் பூனைக்கு அதன்மேல் தீராத ஆசை. நிறையத் தின்றால் வயிறு புரட்டும், அவ்வளவுதான். உத்திரத்தில் தொங்கவிட்டால் பூனைக்கும் செடிக்கும் நல்லது. பாஸ்டன் ஃபெர்னும் நஞ்சில்லாததுதான். நம் கோடையில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு என்பதால் வற்புறுத்த மாட்டேன். ஜன்னலோரம் பெப்பரோமியா, எக்கெவீரியா, ஹாவொர்த்தியா வைக்கலாம். ஹாவொர்த்தியா குட்டிக் கற்றாழை போலவே இருக்கும். கற்றாழையைக் காட்டி அதுதான் இது என்று தந்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை. முற்றத்தில் மல்லிகையும் ரோஜாவும் தாராளமாக இருக்கட்டும். வாசனைக்குத் திருநீற்றுப்பச்சிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பேரால் ஏமாற்றுபவை இன்னும் இரண்டு உண்டு. அஸ்பராகஸ் ஃபெர்ன் உண்மையில் ஃபெர்ன் அல்ல, அதன் பழம் வாந்தி பேதி உண்டாக்கும். லக்கி பேம்பூ மூங்கிலே அல்ல, டிரசீனா வகை. நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. சந்தேகம் வந்தால் செடியின் தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்கி, அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் இணையப் பட்டியலில் தேடுங்கள். நாய்க்கு, பூனைக்கு எனத் தனித்தனியாகச் சொல்லியிருப்பார்கள்.

கடிக்கிற ஆசையைத் தடுக்க முடியாது, திசைதிருப்பலாம். அகலமான மண்தட்டு ஒன்றில் அருகம்புல் வளர்த்துத் தரையிலேயே வையுங்கள். எங்கள் வீட்டில் அது வந்த பிறகு மற்றத் தொட்டிகள் பக்கம் போவது பெருமளவு குறைந்துவிட்டது. சோளம் விதைத்து இளம்பயிரைத் தின்னவிட வேண்டாம், அதில் சயனைடு உண்டு. மாடு வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

செடியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் மண்ணை மறந்துவிடுகிறார்கள். எங்கள் நாய் கருப்பன் ரோஜாத் தொட்டியைத் தோண்டி, அடியில் போட்டிருந்த புண்ணாக்கைத் தின்றுவிட்டான். அது கடலைப் புண்ணாக்கு. ஆமணக்குப் புண்ணாக்காக இருந்திருந்தால் இன்று அவன் இருந்திருக்க மாட்டான். ஆமணக்கில் உள்ள ரிசின் அப்படிப்பட்டது, அதன் வாசனையோ நாய்களுக்கு மிகவும் பிடிக்கும். தொட்டி வாங்கும்போது மண்கலவையில் அது சேர்ந்திருக்கிறதா, பூச்சிக்குக் குருணை மருந்து போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் மண்ணை மாற்றிவிடுங்கள்.

ஏதாவது தின்றுவிட்டால் வாயில் இருப்பதை எடுத்து, தண்ணீரால் துடையுங்கள். வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், அந்த உப்பே நஞ்சாகிவிடும். கடித்த செடியின் கிளையையும் எத்தனை மணிக்குத் தின்றது என்ற தகவலையும் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் டிரிப் ஏற்றக்கூடிய மருத்துவர் காரைக்குடியில் யார் என்பதை இன்றே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். மதுரையோ திருச்சியோ போவதென்றால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அந்த நேரத்தில் அது நீண்ட தூரம்.

உங்கள் பின்கட்டில் ஏற்கெனவே இரண்டு அரளிகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வெட்டுவதானால் கிளைகளைத் தெருக்குப்பையில் போட்டுவிடாதீர்கள். அரளி காய்ந்தாலும் நஞ்சு போகாது, நம் தெருக்களில் ஆடும் மாடும் மேய்கின்றன. எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்து, மேலே நாலு செங்கல்லை அடுக்கிவிடுங்கள்.