ஞாயித்துக்கிழமை ட்ரெயின் ரத்து: எதைக் கேக்கலாம், எங்க போய் கேக்கலாம்

குழித்துறை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரி வேலை, சீசன் டிக்கெட்ல போயிட்டு வாறவங்க. சனி ஞாயிறு வந்தா லைன் வேலைன்னு காலை பாசஞ்சர ரத்து பண்ணிருதாங்க, ஞாயித்துக்கிழமையும் டியூட்டி உண்டு, களியக்காவிளை போய் பஸ் மாறி ஓட வேண்டியிருக்கு. போதாததுக்கு தம்பிக்கு குழித்துறையில இருந்து சென்னைக்கு ரிசர்வேஷன் போட்டிருந்தா, வண்டி நாகர்கோவில்ல இருந்துதான் கிளம்பும்னு முந்தின நாள் சாயங்காலம் மெசேஜ் வருது. "இப்படி நிறுத்த அதிகாரம் உண்டா, கேஸ் போடலாமா, காசு திரும்ப வருமா?"ன்னு கேட்டிருக்காங்க.

ரயில்வேல ட்ராஃபிக் பக்கம் ரொம்ப வருஷம் இருந்தவன், அதனால உள்ளத உள்ளபடி சொல்லுதேன். வேலைக்காக வண்டிய நிறுத்த அதிகாரம் உண்டு. அத எதுத்து கேஸ் போட்டா நிக்காது, நிக்கவும் கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா எப்படி நிறுத்துதாங்க, எப்போ சொல்லுதாங்க, பதிலுக்கு என்ன குடுக்காங்க, இது மூணையும் கேக்க நமக்கு முழு உரிமை இருக்கு, நம்ம ஆளுங்க பெரும்பாலும் இத விட்டுட்டு, நிறுத்த அதிகாரம் உண்டாங்கிறதுக்கே சண்டை போடுதாங்க.

நம்ம லைன்ல ஏன் இவ்வளவு கஷ்டம்னா, நாகர்கோவில் - திருவனந்தபுரம் இரட்டைப் பாதை வேலை இன்னும் முழுசா முடியல. மணியாச்சி - நாகர்கோவில் பக்கம் 2024-ல முடிஞ்சுது, அங்க ஒரு லைன்ல வேலை நடந்தாலும் இன்னொரு லைன்ல மெதுவாவாவது வண்டிய விடலாம். ஒத்தை லைன்ல பிளாக் எடுத்தா, அதாவது வேலைக்காக லைன கொஞ்ச நேரம் அடைச்சா, எல்லாமே நின்னுரும். அதுலயும் ஒரு புது லைன பழைய ஸ்டேஷன்ல கொண்டு சேக்கும்போது நான்-இன்டர்லாக்கிங்னு ஒண்ணு வரும். அப்போ சிக்னல் எல்லாத்தையும் கழட்டிருவாங்க, வண்டி ஒரு தண்டவாளத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாறுற ஒவ்வொரு பாயின்ட்டையும் ஆளு போய் கையால திருப்பி, கிளாம்ப் போட்டு, பூட்டு போட்டு, சாவிய ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட குடுத்து, அப்புறம்தான் வண்டி ஊர்ந்து உள்ள வரும். புது வயரிங் முடிஞ்ச பிறகு, பாயின்ட் இடது பக்கம் இருக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் பாக்கிற கன்ட்ரோல் பேனல்லயும் இடதுன்னுதான் காட்டுதான்னு ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணணும். 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசா பாலசோர்ல நடந்த விபத்துக்கு சிக்னல் சர்க்யூட் வேலையில நடந்த தப்புதான் காரணம்னு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணையில வந்துது, 290 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதனால பிளாக்க சுருக்கு, சீக்கிரம் முடின்னு மட்டும் தயவுசெய்து யாரும் மனு குடுக்காதீங்க.

சரி, ஏன் சனி ஞாயிறு? ஆபீஸ் போற கூட்டம் இருக்காதுன்னு ஒரு கணக்கு. பெரிய சிட்டிக்கு அது சரி, நம்ம மாவட்டத்துக்கு சரி இல்ல. சென்னை பெங்களூர்ல வேலை பாக்கிற பிள்ளைங்க வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறி சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்புதாங்க, கன்னியாகுமரிக்கு டூரிஸ்ட் கூட்டம் அன்னைக்குதான், கல்யாணம் கொடை திருவிழா எல்லாம் அன்னைக்குதான், ஆஸ்பத்திரிக்கு லீவும் கிடையாது. இத எழுத்துல, உங்க ஸ்டேஷன் பேரு, ரத்தான வண்டி நம்பர், தேதியோட குடுத்தாதான் ஏறும். வாயால ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கத்திப் பிரயோஜனமில்ல, பிளாக்க முடிவு பண்ணுதது அவரு இல்ல.

கேக்க வேண்டியது என்னன்னா, பாசஞ்சர் ரத்தாகிற நாள்ல, அந்த நேரத்துக்கு முன்னப்பின்ன ஓடுற எக்ஸ்பிரஸுக்கு இரணியல், பள்ளியாடி, குழித்துறை மேற்குல தற்காலிக ஸ்டாப்பிங். இது ரயில்வே வேற இடங்கள்ல குடுத்து வாறதுதான், புதுசு இல்ல. 2023 கடைசியில ஜெனரல் ரூல்ஸ்ல திருத்தம் கொண்டுவந்து ரோலிங் பிளாக்னு வச்சிருக்காங்க, அதாவது பிளாக்க பல வாரத்துக்கு முன்னாடியே பிளான் பண்ணணும். முன்னாடியே தெரிஞ்ச வேலைக்கு முந்தின நாள் சாயங்காலம் மெசேஜ் அனுப்புனா அது நியாயமே இல்ல. எப்போ முடிவெடுத்தீங்க, எப்போ அறிவிச்சீங்கன்னு திருவனந்தபுரம் டிவிஷனுக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 10 ரூபாதான் கட்டணம், 30 நாள்ல பதில் சொல்லணும். நம்ம மாவட்டம் திருவனந்தபுரம் டிவிஷன்ல இருக்குன்னு மறந்து பலபேரு மதுரைக்கு எழுதுதாங்க, அது சுத்திக்கிட்டே கிடக்கும். அந்த பதில கையில வச்சுக்கிட்டு எம்.பி. ஆபீஸுக்குப் போனா பேச்சே வேற.

இனி காசு. வண்டி முழுசா ரத்துன்னா, ஆன்லைன்ல எடுத்த டிக்கெட்டுக்கு முழு கட்டணமும் தானா அக்கவுண்ட்டுக்கு வந்துரும், கன்வீனியன்ஸ் ஃபீ மட்டும் வராது. கவுன்ட்டர் டிக்கெட்னா 3 நாளைக்குள்ள கவுன்ட்டர்ல குடுத்து வாங்கணும். தம்பி கேஸ் பகுதி ரத்து, அதாவது வண்டி பாதி தூரம் மட்டும் ஓடுது, அங்கதான் காசு போகுது. குழித்துறைக்கு வண்டியே வராம அவரு போகவும் இல்லன்னா முழு ரீஃபண்ட் உண்டு, ஆனா தானா வராது, வண்டி கிளம்ப வேண்டிய நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஐஆர்சிடிசில டிடிஆர் (ரீஃபண்ட் கேக்கிற மனு) போடணும். மெசேஜ பாத்த பதட்டத்துல கேன்சல் பட்டன அமுக்கிராதீங்க, அமுக்கினா நீங்களே ரத்து பண்ணினதா எடுத்துக்கிட்டு பிடித்தம் பண்ணிருவாங்க. வண்டி எங்க ஓடுதுன்னு காட்டுற ரயில்வேயோட என்டிஇஎஸ் ஆப்ல அன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருங்க. போயே ஆகணும்னா போர்டிங் ஸ்டேஷன நாகர்கோவில்னு மாத்திக்கிட்டு அங்க போய் ஏறலாம், ஆனா குழித்துறையில இருந்து டாக்சிக்கு செலவானத ரீஃபண்ட் ரூல்ஸ்படி கேக்க முடியாது. சீசன் டிக்கெட்ல ஓடாத நாளுக்கு தனியா காசு கிடையாது, எனக்கும் இது நியாயமா படல, ஆனா ரூல் இப்போ அப்படித்தான்.

கோர்ட் விஷயம். அஜ்மீர் - ஜம்மு வண்டி 4 மணி நேரம் லேட்டாகி ஃப்ளைட்ட விட்ட குடும்பத்துக்கு 30,000 ரூபா நஷ்டஈடு சரின்னு 2021 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. லேட்டுக்கு சரியான காரணத்த ரயில்வேதான் நிரூபிக்கணும்னாங்க. அத வச்சு எல்லாரும் கேஸ் போடலாம்னு வாட்ஸ்அப்ல சுத்துது. அங்க காரணமே சொல்லல, இங்க பிளாக்னு எழுதி அறிவிச்சிருக்காங்க, அதனால உங்க பாசஞ்சர் விஷயத்துல நான் கேஸுக்கு போகச் சொல்ல மாட்டேன். அறிவிப்பே இல்லாம கடைசி நேரத்துல விட்டுட்டு, அதனால பரீட்சையோ ஃப்ளைட்டோ போச்சுன்னா, நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே குடுக்கலாங்கிறது 2019 சட்டத்துல வந்த நல்ல விஷயம். டிடிஆர் தள்ளுபடி ஆகி வெறும் டிக்கெட் காசு மட்டும்தான் தகராறுன்னா அது நுகர்வோர் ஆணையம் இல்ல, ரயில்வே கிளைம்ஸ் ட்ரிப்யூனல்.

தங்கச்சி, முதல்ல உங்ககூட அந்த பாசஞ்சர்ல வாற ஆஸ்பத்திரிக்காரங்க, கடைக்காரங்க எல்லாரையும் சேத்து, ஸ்டாப்பிங் கேட்டு டிஆர்எம்முக்கு (டிவிஷன் மேலாளர்) ஒரே மனுவா, சீசன் டிக்கெட் நகலோட அனுப்புங்க, ரயில்வே புகார் ஆப் 'ரயில் மதத்' (RailMadad), அதுலயும் போட்டு ரெஃபரன்ஸ் நம்பர எழுதி வையுங்க. அடுத்த பிளாக் அறிவிப்பு வர முன்னாடியே அது அங்க போய் சேந்திருக்கணும்.