வாடகை கார் நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் போடப்படும் ‘கிளாஸ் ஆக்‌ஷன்’ வழக்கு என்றால் என்ன?

ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலருக்காக ஓரிருவர் முன்னின்று நடத்தும் வழக்குதான் இது.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 2013 முதல் சுங்கத்தைப் பணமாகக் கட்ட முடியாது. வாடகை காரில் கடந்தால், பில் கார் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் சுங்கத்தோடு ‘சேவைக் கட்டணம்’ என்று தனியாக ஒன்றைச் சேர்த்து, காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு உங்கள் கார்டில் எடுத்துவிடலாம். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அது இருந்திருக்கும், யார் படிக்கிறார்கள்? இதைச் சரியாகச் சொன்னார்களா என்பதுதான் இத்தகைய வழக்குகளின் மையக் கேள்வி.

இருபது டாலருக்காக யாரும் வக்கீல் வைக்க மாட்டார்கள். எடையில் பத்து கிராம் குறைக்கும் கடைக்காரர் மாதிரி: வாங்குபவருக்கு அது அற்பம், அவருக்கோ நாள் முழுக்க லாபம். எல்லோரையும் சேர்த்தால்தான் வழக்கு நடத்தக் கட்டுப்படியாகும்.

நிறுவனங்களுக்கும் ஒரு கேடயம் உண்டு. ‘தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு அல்ல, தனித்தனியாக ஒரு தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும்’ என்ற ஒப்பந்த விதி பெரும்பாலும் செல்லும் என்று 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு செல்போன் நிறுவன வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு முளைத்ததே சுமார் முப்பது டாலர் வரியில்! கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தியைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம், வழக்கில் சேர முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் கேட்கும் இத்தகைய வழக்குகளில் விலகுவதாக எழுதிக் கொடுக்காதவரை நீங்களும் உள்ளேதான், ஆனால் பல சமரசங்களில் பணம் வர கோரிக்கைப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.