தூக்கத்திலும் ஸ்ட்ரெஸ்? – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 54, பல வருடமாக சுகர், மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. தீபாவளிக்கு மகள் கார்மின் கடிகாரம் வாங்கித் தந்தாள். காலையில் எழுந்து பார்த்தால் பாடி பேட்டரி, அதாவது உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று கடிகாரம் நூறுக்குப் போடும் எண், 30, சில நாள் 25. தூக்கத்தில்கூட ஸ்ட்ரெஸ் ஆரஞ்சில் நிற்கிறது. எனக்குப் பெரிய கவலை என்று எதுவும் இல்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. தங்கை மகன் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறான், அவனுக்குப் பேட்டரி தினமும் 90க்கு மேல். காவடி விரதத்தின்போது மட்டும் எனக்கு 60 வரை ஏறியது, முடிந்ததும் பழையபடி இறங்கிவிட்டது. எனக்குள் ஏதாவது கோளாறா? நேற்று இரவின் படத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் கடிகாரத்துக்கு உங்கள் கவலையும் தெரியாது, நிம்மதியும் தெரியாது. அடியில் எரியும் பச்சை விளக்கால் மணிக்கட்டில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கணக்கிடுகிறது, அவ்வளவுதான். ஓய்வில் இருக்கும் உடம்பில் இந்த இடைவெளி ஒரே அளவாக இருக்காது. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் குறையும், விடும்போது கொஞ்சம் நீளும். உடம்பு ஏதாவது வேலையில் மும்முரமாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிவிடும். அதைத்தான் 0 முதல் 100 வரை எண்ணாக்கி, 25 வரை ஓய்வு என்று நீலத்திலும் அதற்கு மேல் ஸ்ட்ரெஸ் என்று ஆரஞ்சிலும் காட்டுகிறார்கள். வீட்டுச் சண்டை, காய்ச்சல், பிப்ரவரி மாத டர்பன் புழுக்கம், பேரப்பிள்ளை வந்த சந்தோஷம் எல்லாவற்றுக்கும் அதே ஆரஞ்சுதான். நீலமாக இருக்கும் நேரத்தில் பாடி பேட்டரி ஏறும், ஆரஞ்சில் இறங்கும்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்தரைக்குப் படுத்திருக்கிறீர்கள். அப்போதிலிருந்து இரண்டு மணி வரை விடாமல் ஆரஞ்சு, பிறகு திட்டுத்திட்டாக நீலம், நாலு மணிக்கு மேல்தான் நல்ல நீலம், ஐந்தரைக்கு எழுந்துவிட்டீர்கள். ஏழு மணி நேரம் தூங்கியும் பேட்டரி நன்றாக ஏறியது கடைசி ஒன்றரை மணி நேரத்தில்தான். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் வீடுகளில் எல்லோரும் வேலை முடிந்து வந்து சேரவே எட்டு, ஒன்பது ஆகிவிடுகிறது, அதற்கு மேல் சோறும் ஆட்டுக்கறியும் என்றால் நீங்கள் தூங்கினாலும் வயிறு தூங்காது, இதயமும் அதோடு சேர்ந்து உழைத்துக்கொண்டிருக்கும். விரதத்தில் கறி இல்லை, பொழுதோடு கொஞ்சமாகச் சாப்பிட்டு சீக்கிரம் படுத்திருப்பீர்கள். முருகனுக்காக இருந்த விரதம் உடம்புக்கும் ஓய்வாக அமைந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

சுகர் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நெடுநாள் சர்க்கரை நோய் இதயத்துக்குப் போகிற நரம்புகளையும் பாதிக்கக்கூடும்; அப்போது மனம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் துடிப்புகளின் ஏற்ற இறக்கம் குறைந்துபோகும், கடிகாரம் அதை ஸ்ட்ரெஸ் என்று எழுதிவிடும். உங்களுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறதா, பாதம் மரத்துப்போகிறதா என்பதோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள்.

தங்கை மகனோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர் ஓடத் தயாராகிறவனின் இதயம் வேறு, வயதும் வேறு. வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் குறையத்தான் செய்யும். உங்கள் 30ஐ உங்களுடைய போன மாதத்து எண்ணோடு வைத்துப் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமாக 30 காட்டுவது திடீரென்று நாலைந்து நாள் 10க்கு இறங்கினால் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். பல சமயம் சளியோ காய்ச்சலோ வருவதற்கு முந்தின நாளே தெரிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்து பாருங்கள், ஆனால் சுகர் மாத்திரை எடுப்பதால் நேரத்தை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பட்டையை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நகராதபடி கட்டுங்கள். காலையில் கண் விழித்ததும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். முகம் கழுவி, டீ குடித்து, இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்த பிறகு பாருங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த பெண்மணி 25 என்ற எண்ணைப் பார்த்த நொடியிலிருந்து களைத்துப்போவதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

அப்புறம், வீட்டில் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று. அப்படி இருந்தாலும், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகினாலும், மாடிப்படி ஏற மூச்சு வாங்கினாலும், கடிகாரம் பேட்டரி 90 என்று காட்டினால்கூட நம்பாதீர்கள், அந்த வாரமே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.